ஓர் ஆள் கூடுதல்

சிறையில் ஓர் ஆள் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே தூணுக்கும் தெரியும். சங்கு ஊதும், கேட்டுகள் மூடும், மதிலோரம் ஆட்கள் ஓடுவார்கள். ஓர் ஆள் கூடிவிட்டால் என்ன செய்வது? அதை யாரும் எந்த விதிப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. வெளியில் இடம் இல்லாமலா ஒருவன் மதில் ஏறி உள்ளே குதித்து வரிசையில் வந்து நிற்பான்? ஆனாலும் ஒரு நாள் அப்படி ஆனது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்த நாள், பகல் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஆயிரத்து நூற்று இருபத்தாறு பேர் இருக்க வேண்டிய சிறையில் ஆயிரத்து நூற்று இருபத்தேழு பேர் இருந்தார்கள்.

அந்தக் கூடுதல் ஆளை எல்லோரும் லேத்து என்று கூப்பிடுவார்கள். வெளியில் இருந்தபோது இரும்புப் பட்டறையில், இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத்து இயந்திரத்தை ஓட்டியவன். நாற்பத்தேழு வயது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அந்தப் பட்டறையிலேயே, ஒன்றுமில்லாத பேச்சு முற்றி, கையில் இருந்த கம்பியால் சொந்த மச்சானை அடித்துவிட்டான். ஒரே அடி. மச்சான் எழுந்திருக்கவில்லை. கோபம் இருந்தது ஒரு நிமிடம், போனது ஒரு குடும்பம். தம்பியைப் பறிகொடுத்த மனைவி இரண்டே வருடத்தில் நோயில் விழுந்து போய்ச் சேர்ந்தாள். பதினொரு வயதில் தனியாக நின்ற மகளைச் சித்திதான் வளர்த்தாள். அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் என்றால் உயிர். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். ஒன்பது வருடத்தில் அவள் ஒரு தடவைகூடத் தகப்பனைப் பார்க்க வரவில்லை. யார் அவளைக் குறை சொல்ல முடியும்?

நான்கு வருடங்களுக்கு முன்னால் சிறையில் பெரியவர்களுக்கு வகுப்பு தொடங்கினார்கள். லேத்து போய்ச் சேர்ந்தான். படிப்பு ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை, அந்த அறையில் மின்விசிறி இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். மின்விசிறி இல்லை. சேர்ந்த விஷயத்தைத் தையல் கூடத்தில் இருந்த ஒருவனிடம் சொல்லி, மகளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னான். பதில் வந்தது. எழுத்துக்கூட்டத் தெரியாத லேத்து அதையும் தையல்காரனிடமே நீட்டினான். மூன்றே வரி. "நீங்க ஆரம்பிச்ச எதையும் முடிச்சதில்ல. பத்தாவது பாஸ் பண்ணுங்க. பாஸ் பண்ற அன்னைக்கு வந்து பார்க்கிறேன்."

தையல்காரன் கடிதத்தை மடித்து அவன் கையில் வைத்துவிட்டு எழுந்து போனான். மகள் எழுதியதை இன்னொருவன் வாயால் கேட்க வேண்டிவந்த வெட்கத்தில் லேத்துக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அவன் நிஜமாகப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அந்த வகுப்பு நடந்த அழகைக் கேட்டால், வெளியில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் பள்ளிக்கூடச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பழைய சாக்குக் கிடங்குதான் வகுப்பறை. நோட்டுகளில் கம்பிப் பின்களை உருவிவிட்டு நூலால் தைத்துக் கொடுப்பார்கள், கம்பி ஆயுதமாம். புவியியல் புத்தகத்தில் வரைபடப் பக்கங்களைக் கிழித்துவிட்டுத்தான் தருவார்கள். தப்பிக்க வழி காட்டுமாம். மலை எங்கே இருக்கிறது, கடல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு என்ன நீந்தியா போகப் போகிறார்கள் என்று டீச்சர் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். பதில் வரவில்லை, வரைபடமும் வரவில்லை. பேனாவுக்கு அனுமதி இல்லை, தேர்வுக்கும் பென்சில்தான்; பென்சில் பதினான்கு உள்ளே போனால் பதினான்கு வெளியே வர வேண்டும். பாடம் பாதியில் இருக்கும்போது ஒருவனை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவார்கள், ஒருவனை வேறு சிறைக்கு மாற்றுவார்கள். மறுநாள் அவன் இடத்தில் 'அ' போடத் தெரியாத ஒருவன் உட்கார்ந்திருப்பான். டீச்சர் அவனுக்காக முதலில் இருந்து ஆரம்பிப்பார். ஒப்பந்தத்தில் வந்த பெண், நாற்பது வயது, குரலை உயர்த்தத் தெரியாதவர். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று வாசலில் நின்று கேட்பதே சில வார்டர்களுக்குப் பொழுதுபோக்காக இருந்தது.

லேத்து வளைந்தான். மற்ற பாடங்களை எல்லாம் முட்டி மோதித் தேறிவிட்டான். கணக்கு மட்டும் அவனை உதைத்துக்கொண்டே இருந்தது. முதல் தடவை இருபத்தொன்பது, இரண்டாவது தடவை முப்பத்து மூன்று. முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ். இரண்டே இரண்டு மதிப்பெண்ணில் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனபோது, அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இது மூன்றாவது தடவை. இதுதான் கடைசியும். இந்த வருடத்தோடு டீச்சரின் ஒப்பந்தம் முடிகிறது, தேர்வு மையத்தையும் எடுத்துவிடப் போகிறார்கள் என்று மேலிடத்தில் இருந்து தாள் வந்துவிட்டது. தோற்றால் அடுத்தது என்று ஒன்று கிடையாது.

இனி எண்ணிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறையில் நாளுக்கு நான்கு முறை ஆட்களை எண்ணுவார்கள். பெரிய மணி அடித்ததும் எவன் எங்கே இருந்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கும் முற்றத்தில் வரிசையில் போய் நிற்க வேண்டும். கைகள் முதுகுக்குப் பின்னால். வார்டர் எண்ணிக்கொண்டு போவார். ஒவ்வொரு முற்றத்துச் சீட்டும் தலைமை வார்டரிடம் போய், கூட்டிப் பார்த்து, "சரி" என்று குரல் வரும்வரை யாரும் அசையக் கூடாது. எண்ணப்பட்ட ஆள் நகர்ந்தான் என்றால் அது அங்கே பெரிய குற்றம். ஒருவன் தப்பி ஓடுவதை மறைக்க, இன்னொருவன் இரண்டு இடத்தில் நின்று எண்ணப்படுவதுதான் உலகத்துச் சிறைகளில் எல்லாம் பழைய தந்திரம்.

பகல் எண்ணிக்கை பதினொன்றரைக்கு. தேர்வு பத்தில் இருந்து ஒரு மணி வரை. டீச்சர் மூன்று வாரம் அலைந்து, அன்று மட்டும் தேர்வு எழுதுகிறவர்களை இருக்கையிலேயே வைத்து எண்ணலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டார். அதோடு நிற்கவில்லை. ஒரு வாரமாக வகுப்பில் திடீர் திடீரென்று, மணி அடிப்பதுபோல, தகர மூடியில் டஸ்டரால் தட்டுவார். எழுந்தவன் தோற்றான். முதல் நாள் பதினான்கு பேரும் ஸ்பிரிங் வைத்த மாதிரி எழுந்து நின்றார்கள். கடைசி நாள் ஒருவரும் அசையவில்லை. லேத்துதான் எல்லோரையும்விட அழுத்தமாக உட்கார்ந்திருந்தான். டீச்சர் சிரித்தார்.

தேர்வு அன்று வெளியில் இருந்து கண்காணிப்பாளர் அம்மா ஒருவர் வந்தார். கண்ணாடி, கைப்பை, ஒரு கட்டு விதிமுறை. சிறைக்குள் அவர் வருவது அதுவே முதல் தடவை. அனுமதி இல்லாமல் அறையை விட்டு யார் வெளியே போனாலும் விடைத்தாளை எடுத்துவிடுவேன், என் கைக்கு வந்த தாள் திரும்பப் போகாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

பதினொன்றே கால் ஆனதும் பதின்மூன்று பேருக்கு எழுத்து ஓடவில்லை. கண் கடிகாரத்திலேயே இருந்தது. ஒருவன் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மணி அடிக்கப் போகிறது, எழுந்துவிடாதே, எழுந்துவிடாதே என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லேத்துக்கு மட்டும் அந்த ஞாபகமே இல்லை. வினாத்தாளைப் புரட்டியபோது அவனுக்கென்றே ஒரு கணக்கு கிடைத்திருந்தது. பதினான்கு செ.மீ. பக்கமுள்ள கனசதுர இரும்புத் துண்டில் இருந்து எவ்வளவு பெரிய உருளையைக் கடைந்து எடுக்கலாம், மீதி எவ்வளவு இரும்பு வீணாகும். ஐந்து மதிப்பெண். இத்தனை வருடத்தில் x என்றும் y என்றும் அவனைப் பாடாய்ப் படுத்திய கணக்கு, முதல் தடவையாக அவனுக்குத் தெரிந்த பாஷையில் பேசியது. துண்டை லேத்தின் பிடியான சக்கில் மாட்டுவது தெரிந்தது. சுருள் சுருளாக இரும்புச் சீவல் விழுவது தெரிந்தது. அந்தச் சீவலைத்தான் கேட்கிறார்கள். மொத்தம் இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்து நான்கு. அதில் உருளை போக... பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தான். ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு வந்ததே இல்லை.

மணி அடித்தது. பதின்மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லேத்து எழுந்தான்.

அவன் எழவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், அவன் உடம்பு எழுந்தது. கணக்குக்குள் முழுகிக் கிடந்தவனை விட்டுவிட்டு உடம்பு தன் பாட்டுக்கு நடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியது, முற்றத்தில் இறங்கியது, தையல்காரனுக்கு இடதுபக்கம் வழக்கமான இடத்தில் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். சிறைப் பழக்கத்துக்குத் தொட்டில்கூட வேண்டாம், ஒன்பது வருடம் போதும்.

வரிசையின் அந்த முனையில் இருந்து வார்டர் எண்ணிக்கொண்டு வந்தார். பதினைந்து, பதினாறு. லேத்தின் தோளை விரலால் தொட்டு "பதினேழு" என்று சொல்லி அடுத்தவனிடம் போனார். அந்த விரல் பட்டதும்தான் லேத்துக்கு உள்ளங்காலில் சூடு உறைத்தது. சிமெண்டுத் தரை கொதித்துக்கொண்டிருந்தது. எதிரே ஜன்னல் வழியாகத் தன் பெஞ்சு காலியாக இருப்பதும், கண்காணிப்பாளர் அம்மா அதை நோக்கி நடந்து வருவதும் தெரிந்தது.

நகர்ந்தால் குற்றம். நகராவிட்டால் நான்கு வருடமும் அந்த அம்மாவின் கைப்பைக்குள் போய்விடும். தையல்காரன் உதடு அசையாமல், "போய்த் தொலை" என்றான்.

வார்டர் முதுகைக் காட்டிக்கொண்டு இருபத்திரண்டில் இருந்தார். லேத்து பின்னால் ஓர் அடி வைத்தான், இன்னோர் அடி வைத்தான், திரும்பினான், நடந்தான். ஓடவில்லை, ஓடினால் சத்தம் கேட்கும். அந்த அம்மா விடைத்தாளைத் தூக்கக் குனிந்தபோது இவன் பெஞ்சில் விழுந்து இரண்டு உள்ளங்கையையும் தாளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டான். வெளியே போய்விட்டீர்களே என்று அவர் கேட்டார். டீச்சர்தான் பக்கத்தில் வந்து, மணிக்கு எழுந்துவிட்டார் மேடம், பழக்கம், தாள் இன்னும் மேசையில்தானே இருக்கிறது என்று மெல்லச் சொன்னார். அந்த அம்மா அவன் வெறுங்காலைப் பார்த்தார். ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நிமிடம் பின்வாசல் வழியாக வேறொரு வார்டர் வந்து தலைகளை எண்ணினார். பதினான்கு. சீட்டில் எழுதிக்கொண்டு போனார்.

தப்பித்தோம் என்று நினைத்தான் லேத்து. விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, இருபத்திரண்டை ஏழால் வகுத்து, உருளையை முடித்தான். இரண்டாயிரத்து நூற்று ஐம்பத்தாறு. வீணாகும் இரும்பு ஐந்நூற்று எண்பத்தெட்டு. நிச்சயம் என்று சொல்லக்கூடியதை எல்லாம் கூட்டினால் முப்பத்திரண்டு வந்தது. அவன் போடும் கூட்டலில் திருத்துகிறவர்கள் எப்போதும் இரண்டு குறைப்பார்கள், அது போன இரண்டு தடவை கண்ட அனுபவம். அதனால் குறைந்தது முப்பத்தேழு வேண்டும். இன்னும் ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கு.

"சரி" என்ற குரல் மட்டும் வரவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மணி மறுபடி அடித்தது. எண்ணிக்கையில் ஓர் ஆள் கூடுதல், திரும்ப எண்ணுகிறார்கள் என்று வராந்தாவில் ஓடிய வார்டர் ஒருவர் சொல்லிக்கொண்டு போனார். அறைக்குள் பதின்மூன்று தலைகள் லேத்தின் பக்கம் திரும்பின, உடனே குனிந்துகொண்டன. லேத்துக்கு அப்போதுதான் விளங்கியது. வரிசையில் ஒரு தடவை, பெஞ்சில் ஒரு தடவை. அந்தக் கூடுதல் ஆள் தான்தான்.

இரண்டாவது எண்ணிக்கை ஆயிரத்து நூற்று இருபத்தாறு என்று சரியாக வந்தது. வந்ததுதான் வினை. முதலில் கூடுதலாக இருந்த ஆள் இப்போது எங்கே போனான்? யாரோ இரண்டு இடத்தில் நின்றிருக்கிறான், ஏதோ நடக்கிறது என்று தலைமை வார்டர் முடிவு கட்டிவிட்டார். சிறை முழுக்க ஆயிரத்துச் சொச்சம் பேர் வெறுங்காலோடு வெயிலில் நின்றார்கள். சமையல் கூடத்தில் அடுப்பில் வைத்தது அடிப்பிடிக்கும் நாற்றம் வந்தது.

தலைமை வார்டர் சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த மனிதர். முதல் சீட்டில் முப்பத்து நான்கு, இரண்டாவது சீட்டில் முப்பத்து மூன்று என்று எந்த முற்றம் காட்டிக்கொடுத்ததோ, அந்த முற்றத்துக்கே வந்து நின்றார். லேத்தின் ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி.

லேத்து சராசரி காணும் கணக்கை எடுத்திருந்தான். பன்னிரண்டு மாத மழை அளவு, கூட்ட வேண்டும், வகுக்க வேண்டும். பாதிக் கூட்டலில் வெளியில் குரல் கேட்டது.

"முதல் எண்ணிக்கைல இங்க கூடுதலா நின்னது யாருடா?"

தையல்காரன் தெரியாது என்றான். நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன் சார், பக்கத்தில் பார்க்கவில்லை என்றான். அடுத்தவனைக் கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை. முப்பத்து மூன்று பேருக்கும் கண் இருந்தது, ஒருவனுக்கும் தெரியவில்லை. சிறையில் காட்டிக்கொடுப்பவனைவிடக் கேவலமானவன் கிடையாது. சொல்கிறவரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள் என்றார் தலைமை வார்டர்.

லேத்துக்குக் கூட்டல் கலைந்துவிட்டது. எந்த மாதம் வரை கூட்டினோம் என்பதே மறந்துவிட்டது. அடித்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்தான். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்த நிமிடமே இழுத்துக்கொண்டு போவார்கள், முப்பத்திரண்டோடு எல்லாம் முடிந்தது. சொல்லாவிட்டால் அவனுக்காகத் தையல்காரனின் கால் வேகிறது. உனக்காக இன்னும் எத்தனை பேர்டா என்று உள்ளே ஒன்று கேட்டது. ஏற்கெனவே மூன்று பேர் வாழ்க்கையை வாங்கியவன் நீ. அவன் தலையை உலுக்கிக்கொண்டான். மார்ச், நாற்பத்திரண்டு. ஏப்ரல், பதினெட்டு.

நிமிர்ந்தபோது டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும். மூன்று வாரம் அலைந்து வாங்கிய அனுமதி, இந்த ஓர் ஆளால் அவருக்கே குற்றச்சாட்டாகத் திரும்பலாம். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெளியில் யாரோ ஒருவர் தடாலென்று விழுந்தார். தண்ணீர் கொண்டுவா என்று குரல் கேட்டது. லேத்தின் பென்சில் முனை உடைந்தது. பக்கத்து பெஞ்சுக்காரன் தன் பென்சிலை ஓசைப்படாமல் நகர்த்தி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். லேத்து அதை எடுத்தான். அக்டோபர், நூற்று எழுபது. நவம்பர். டிசம்பர். கூட்டினான். பன்னிரண்டால் வகுத்தான். விடையின் கீழே இரண்டு கோடு போட்டான். சரிபார்க்க நேரம் இல்லை. கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்தேழு. இன்னும் முப்பத்து மூன்று நிமிடமும், எழுதாத பத்துக் கேள்வியும் மீதி இருந்தன.

அவன் எழுந்து விடைத்தாளைக் கண்காணிப்பாளர் அம்மாவிடம் நீட்டினான். போதும் மேடம், வைத்துக்கொள்ளுங்கள் என்றான். நேராக வாசலுக்குப் போய் முற்றத்தில் இறங்கினான்.

"சார், ரெண்டு தடவை எண்ணினது என்னைத்தான்."

தலைமை வார்டர் திரும்பிப் பார்த்தார். இவனா என்பதை அவரால் நம்ப முடியவில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு கெட்ட பெயர் வாங்காதவன். புதிதாக வருகிறவர்களிடம் இவனைக் காட்டித்தான் அவர் புத்தி சொல்வார்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ரெண்டாவது மணி அடிச்சதுலேர்ந்து சார்."

"அப்புறம் ஏன்டா இவ்ளோ நேரம் சொல்லல?"

"கணக்கு முடியல சார்."

தலைமை வார்டர் இரண்டே எட்டில் அவன் முன்னால் வந்தார். கையை ஓங்கினார். அடிக்கவில்லை. வாசலில் நின்ற கண்காணிப்பாளர் அம்மாவைப் பார்த்தாரோ, இவன் முகத்தைப் பார்த்தாரோ, கையை இறக்கிக்கொண்டு "சரி" என்று கத்தினார். முற்றம் முற்றமாக அந்தக் குரல் போனது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் காலை மாற்றி வைத்தார்கள்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். எண்ணிக்கையைக் குலைத்ததற்கும், தெரிந்தே மறைத்ததற்கும் சேர்த்து மூன்று மாதம் யாரும் அவனைப் பார்க்க வரக் கூடாது, அவனும் கடிதம் போடக் கூடாது என்று தண்டனை எழுதினார்கள். டீச்சருக்கு விளக்கம் கேட்டு ஒரு தாள் போனது. தண்டனைத் தாளை வாசித்துக் காட்டியபோது லேத்து தலையாட்டினான். பார்க்க வருகிறவர்கள் என்று யார் இருந்தார்கள் அவனுக்கு? பாஸானால் வருவேன் என்று ஒருத்தி சொல்லியிருந்தாள், அவ்வளவுதான். தண்டனைக்கு நடுவில் தேர்வு முடிவு வரும் என்பது அவனுக்கு இரவெல்லாம் விழித்துக் கிடந்தபோதுதான் உறைத்தது. பாஸாகி அவள் வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். வராதே, அப்புறம் வா என்று எழுதவும் வழி இல்லை. அன்றைக்கு அழுதான். தோற்றுவிட வேண்டும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தான்.

சிறையில் ஒரு வாரம் யாரும் அவனோடு பேசவில்லை. அடிப்பிடித்த சாப்பாட்டைத் தின்றவர்களுக்கு அந்த உரிமை உண்டு. தையல்காரன் மட்டும் எட்டாம் நாள் வரிசையில் வந்து நின்றுகொண்டு சொன்னான். "என் காலு ரெண்டும் கொப்புளம். நீ மட்டும் ஃபெயிலாகிப் பாரு, கழுத்தைத் திருகிடுவேன்."

ஆறாவது வாரம் முடிவு வந்தது. பதினான்கு பேரில் ஆறு பேர் பாஸ். லேத்துக்கு முப்பத்தாறு. டீச்சர் பட்டியலில் விரலை வைத்துக் காட்டினார். அவன் படித்தான், தலையாட்டினான், போய்த் தன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். கை கொடுக்க வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார்கள். முடிவு வெளியில் கம்ப்யூட்டரில் காலையிலேயே வந்துவிட்டது என்று டீச்சர் சொன்னார். அப்படியென்றால் அவளும் பார்த்திருப்பாள்.

மாலை நாலரைக்கு லேத்தை வாசல் கேட்டில் இருந்த அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். தலைமை வார்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்னால் பார்வையாளர் பதிவேடு திறந்து கிடந்தது. அவர் அதை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"காலைல ஒரு பொண்ணு வந்துச்சு. அனுமதி இல்லன்னு சொன்னேன். ஏன்னு கேட்டுச்சு, நடந்ததைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு வாசல்லயே மூணு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்துச்சு. போறப்ப பேனா கேட்டு வாங்கி எழுதிட்டுப் போச்சு. நான் படிச்சுக் காட்டணுமா?"

"வேணாம் சார்."

லேத்து குனிந்தான். கோடு போட்ட பக்கத்தில் நீல மையில், சாயாத எழுத்து. கைதியின் எண் சரியாக இருந்தது. உறவு என்ற கட்டத்தில் 'மகள்' என்று எழுதியிருந்தாள். வந்த காரணம் என்ற கட்டத்தில், 'முடித்துவிட்டார்'. அதற்கு நேராகச் சிவப்பு மையில் அலுவலகத்து எழுத்து: அனுமதி இல்லை, திருப்பி அனுப்பப்பட்டார்.

அதற்கும் கீழே இன்னொரு வரி இருந்தது. அதே நீல மை. ஆனால் தேதி இன்றைய தேதி இல்லை. தண்டனை முடியும் நாளுக்கு மறுநாளின் தேதி, ஏழு வாரம் தள்ளி. நேரம், காலை பத்து. மகள் என்று மறுபடியும் எழுதியிருந்தாள்.

வராத தேதிக்கு முன்கூட்டி எழுத விதியில் இடம் இல்லை, அடித்திருக்க வேண்டும் என்றார் தலைமை வார்டர். பேனா அவர் கையில்தான் இருந்தது. அவர் அடிக்கவில்லை.

லேத்துக்கு எழுத்து கலங்கித் தெரிந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னொரு தடவை படிச்சுக்கட்டுமா சார்?"

தலைமை வார்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மெதுவாகப் படி என்றார்.